எல்லாரும் சுட்டால் மருந்து கட்டுவது யார்?

பிள்ளைகளின் விளையாட்டைப் பெரியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கவனித்தாலும் கண்டிப்பதற்காகவே கவனிக்கின்றார்கள். அதனாலேதான் போலும், வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் இளைஞர்கள் கூடும் இடந்தோறும் நடைபெற்று வரும் ஒரு வழக்கு வீட்டுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. வழக்கு இதுதான்: கணினியிலும் கைத்தொலைபேசியிலும் அணியணியாகச் சேர்ந்து ஆடப்படும் துப்பாக்கி விளையாட்டுகளில், ஆடுவோர் அனைவருக்கும் ஒரே ஆயுதமும் ஒரே ஆற்றலும் இருப்பது நல்லதா? அல்லது ஒருவர் வைத்தியர், ஒருவர் காவலர், ஒருவர் ஒற்றர் என்று ஆளுக்கொரு பணியும் அதற்கேற்ற தனி ஆற்றலும் பிரித்துக் கொடுப்பது நல்லதா? எந்த முறை போட்டியைச் சிறப்பிக்கின்றது?

இத்தகைய விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஆடலாமா, ஆடினால் எவ்வளவு நேரம் ஆடலாம் என்பன வேறு கேள்விகள். அவை பற்றி ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் தீர்ப்பு வழங்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றது. அத்தீர்ப்புகளில் நாம் இன்று தலையிடப் போவதில்லை. ஆனால், பிள்ளைகள் எதைப் பற்றி இத்தனை சூடாக வாதாடுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது பெற்றாருக்கும் நன்று. ஏனெனில், இவ்வழக்கின் உள்ளே திறமை, கூட்டுறவு, நியாயம் என்னும் மூன்றும் அடங்கிக் கிடக்கின்றன.

இளைஞர்கள் 'கிளாஸ்' என்று சொல்வதை நாம் இக்கட்டுரையில் 'பணிப்பிரிவு' என்று வழங்குவோம். பெயர்தான் புதிதே தவிரப் பொருள் பழையது. கரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் காய்க்கும் வெள்ளைக் காய்க்கும் ஆற்றலில் வேற்றுமை இல்லை. அடிப்பவரின் கையே வெற்றியைத் தீர்மானிக்கின்றது. சதுரங்கமோ அத்தகையதன்று. யானை நேரே செல்லும். குதிரை தாவிச் செல்லும். காலாள் ஒவ்வோர் அடியாக நகரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றலும் ஒரு குறையும் உண்டு. அவற்றை இணைத்து ஆள்வதே அங்கு திறமையாகும்.

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. மறிக்கும் அணியினர் தத்தம் கோட்டை விட்டு அசையக் கூடாது. கிளியாக நிற்பவர் ஒருவருக்கு மட்டுமே நடுக்கோட்டிலும் ஓடி மறிக்கும் உரிமை உண்டு. அந்த ஒருவரின் ஓட்டமே மற்றவர்களின் காவலுக்குப் பொருளைத் தருகின்றது. எல்லாருமே கிளியாகி ஓடினால் தட்டு ஏது, ஆட்டம் ஏது? இப்படி ஒரே அணிக்குள் உரிமையை வேறுபடுத்தி வைப்பதைத்தான் இன்று கணினியிலே புதுமை என்று பேசுகின்றார்கள்.

இனித் துப்பாக்கி விளையாட்டுகளுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து 'குவேக்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. அதில் ஆடுவோர் யாவரும் ஒரே தன்மையர். களத்திலே கிடக்கும் ஆயுதத்தை முதலில் ஓடி எடுத்தவரும் விரைந்து குறிவைத்தவருமே வெல்வார்கள். அதே ஆண்டில் ரொபின் வோக்கர், ஜோன் குக் முதலிய அவுஸ்திரேலிய இளைஞர்கள் சிலர், அவ்விளையாட்டை அடிப்படையாக வைத்து 'டீம் ஃபோர்ட்ரஸ்' என்னும் மாற்றமொன்றைச் செய்து வெளியிட்டனர். அதிலேதான் ஆடுவோர் களத்தில் இறங்குமுன் தமக்குரிய பணியைத் தெரிவு செய்யும் முறை புகழ்பெற்றது. பின்னர் அவ்விளைஞர்கள் 'வால்வ்' என்னும் அமெரிக்க நிறுவனத்திற் சேர்ந்தார்கள். 2007ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பாகம் வெளியாயிற்று. அதில் ஒன்பது பணிப்பிரிவுகள் உள. விரைந்தோடும் வேவுகாரர், பெருந்துப்பாக்கி ஏந்தும் பருமனான வீரர், தானியங்கிக் காவற் கருவிகளை அமைக்கும் பொறியியலாளர், மாற்றுருவில் உலாவும் ஒற்றர், காயம் ஆற்றும் வைத்தியர் முதலியோர் அவ்வொன்பதில் அடங்குவர்.

இவ்வைத்தியரின் பணியைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். அவர் பிறரைச் சுடுவது அரிது. தம் அணியினரின் காயத்தை ஆற்றிக்கொண்டே இருப்பார். அவ்வாறு ஆற்ற ஆற்ற அவர் கருவியிலே ஓர் ஆற்றல் சேர்ந்துகொண்டு வரும். அது நிறைந்தபின், தம்மையும் தம் தோழர் ஒருவரையும் எட்டு விநாடி நேரம் எந்தக் குண்டும் தாக்காதபடி காக்க அவரால் முடியும். அந்த எட்டு விநாடியில் எதிரியின் அரண் முழுவதும் உடைந்து போகலாம். ஆனால், அதற்கு முன் அவர் வீழ்ந்தால் சேர்த்த ஆற்றல் அத்தனையும் வீண். ஆகவே அணி முழுவதும் அவரைச் சூழ்ந்து காக்கின்றது. சுடாத ஒருவருக்காகச் சுடுகின்ற ஐவர் தம் உயிரைக் கொடுக்கத் துணியும் விந்தையை அங்கே காண்கின்றோம்.

இம்முறைக்கு நேரெதிரான மரபும் அதே காலத்தில் வளர்ந்தது. 1999ஆம் ஆண்டில் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டில் வால்வ் நிறுவனம் அதனை ஏற்று வெளியிட்டது. அதிலே பணிப்பிரிவு கிடையாது. அணிக்கு ஐவர்; ஒவ்வொருவரும் சுற்றுக்குச் சுற்று ஆட்டத்தில் ஈட்டும் பணத்தைக் கொண்டு ஆயுதம் வாங்குவர். ஓரணியில் உள்ள ஐவரும் விரும்பினால் ஒரே ஆயுதத்தை வாங்கலாம். கால் நூற்றாண்டு கழிந்தும் உலகப் போட்டிகளில் அதன் மதிப்புக் குறையவில்லை. "ஆற்றலைச் சமமாக்கு, அப்பொழுதுதான் திறமை வெளிப்படும்" என்பது அம்மரபினரின் கொள்கை.

இவ்விரு கட்சியாரின் நியாயங்களையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

பணிப்பிரிவுக் கட்சியாரின் முதல் நியாயம், அது பலதரப்பட்டவர்க்கும் இடமளிக்கின்றது என்பதாகும். எல்லாருக்கும் ஒரே விரைவுள்ள கையும் ஒரே கூர்மையுள்ள கண்ணும் வாய்ப்பதில்லை. குறிவைப்பதொன்றே அளவுகோலாகுமானால், கை மந்தமான பிள்ளை எக்காலமும் கடைசியிலேயே நிற்பான். நிதானம், ஞாபகம், இடமறிந்து நிற்றல், தோழரின் நிலையுணர்தல் ஆகிய குணங்களையுடைய ஒருவன் வைத்தியராகவோ பொறியியலாளராகவோ ஆடித் தன் அணிக்கு உயிர்நாடியாக விளங்க முடியும்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்குக் கரப்பந்தாட்டமே சாட்சி. 1991ஆம் ஆண்டு முதல் அது நம் நாட்டின் தேசிய விளையாட்டு. உயரமானவர்களுக்கே உரிய ஆட்டமாக அது மாறிவந்ததைக் கண்ட உலகக் கரப்பந்தாட்டச் சம்மேளனம், 1998ஆம் ஆண்டில் 'லிபரோ' என்னும் தனிப் பணியாளரைப் புகுத்தியது. அவர் வேறு நிறச் சட்டை அணிவார். பின்வரிசையில் மட்டுமே நிற்பார். வலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பந்தை அடிக்கவோ, வலையோரம் எழும்பித் தடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. தரையில் விழப்போகும் பந்தைக் காப்பதே அவர் கடமை. குள்ளமானவர், சுறுசுறுப்பானவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பலர் அதன்பின் நாட்டு அணிகளிலே இடம்பெற்றார்கள். பந்து வலையைத் தாண்டிப் போவதும் வருவதும் நீடித்து, ஆட்டம் காண்போர்க்கும் இன்பந் தந்தது. குறைந்த உரிமையுள்ள ஒரு பணி, ஆட்டம் முழுவதையும் உயர்த்தியது என்றால் அது மிகையாகாது.

இரண்டாவது நியாயம் கூட்டுறவு பற்றியது. ஆற்றல் சமமாயிருக்கும்போது தோழர் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் சமாளிக்கலாம். ஆற்றல் வேறுபடும்போது ஒருவர் இன்றி மற்றவர் இயங்க முடியாது. பேச வேண்டும், கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். தன் வல்லமையைக் காட்டுவதற்கு முன் தோழரின் தேவையை எண்ண வேண்டும்.

இதற்கு உதாரணமாக 'பேட்டில்ஃபீல்ட்' என்னும் தொடரின் வரலாற்றைச் சொல்லலாம். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதல் விளையாட்டிலிருந்தே பணிப்பிரிவு அதன் உயிராக இருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2042' அம்முறையை உதறிவிட்டு, எவரும் எந்தக் கருவியையும் ஏந்தலாம் என்று விட்டது. ஆடியவர்கள் மகிழவில்லை. அணி என்ற உணர்வே போய்விட்டது, அவரவர் தனித்தனியே அலைகின்றார்கள் என்று குறைகூறினார்கள். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனத்தார் பணிப்பிரிவுகளை மீண்டும் கொண்டுவந்தார்கள். 2025 ஒக்டோபரில் வெளியான 'பேட்டில்ஃபீல்ட் 6' நான்கு பணிப்பிரிவுகளோடேயே பிறந்தது. உதறியவர்களே திரும்ப எடுத்துக்கொண்டது இக்கட்சிக்கு வலுவான சாட்சியாகும்.

இனி மறுகட்சியின் நியாயங்களைக் கேட்போம். அவையும் இலேசானவை அல்ல.

டீம் ஃபோர்ட்ரஸ் விளையாட்டில் ஒன்பது பணிகள் உண்டென்றோம். ஆனால், அதனைக் கடும்போட்டியாக ஆடுவோர் அணிக்கு அறுவராகப் பிரிந்து ஆடும்போது, பெரும்பாலான நேரம் நான்கு பணிகளையே கையாளுகின்றார்கள். வேவுகாரர் இருவர், போர்வீரர் இருவர், வெடிகுண்டுக்காரர் ஒருவர், வைத்தியர் ஒருவர். ஏனைய ஐந்து பணிகளும் ஏதோ ஒரு நெருக்கடியில் மட்டும் தலைகாட்டி மறைகின்றன. வைத்தியரும் வெடிகுண்டுக்காரரும் அணிக்கு ஒருவருக்கு மேல் கூடாதென்று விதி செய்யவும் நேர்ந்தது. விளையாட்டுக்காக ஆடும்போது ஒன்பதாக விரிந்த வகை, வெற்றிக்காக ஆடும்போது நான்காகச் சுருங்கியது. ஒன்பது பேரும் ஒன்பது பணிகளை ஏற்று ஆடும் வேறொரு போட்டி முறையும் உண்டு. ஆனால், அங்கே வகையைக் காப்பாற்றுவது ஆடுவோரின் விருப்பமன்று, விதியே என்பதை மறக்கலாகாது.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓவர்வாட்ச்' விளையாட்டின் கதை இதனினும் வியப்பானது. தாக்குவோர், தாங்குவோர், துணைபுரிவோர் என்னும் பிரிவுகளில் அதிலே பற்பல வீரர்கள் உளர். 2018ஆம் ஆண்டளவில் ஓர் உபாயம் பரவிற்று. தாக்குவோர் ஒருவரையும் சேர்க்காமல், அடி தாங்குவோர் மூவரும் காயம் ஆற்றுவோர் மூவருமாக ஓரணியை அமைத்தார்கள். அசைக்க முடியாத மதில்போல் அவர்கள் முன்னேறினார்கள். நாளடைவில் பெரும் போட்டிகளிலே இரு பக்கமும் இதே மதில்! ஆண்டாண்டாகக் குறிவைக்கப் பழகியவர்கள் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். 2019 ஜூலையில், ஒவ்வொரு பிரிவுக்கும் இவ்விருவர் என்று கட்டாய விதி வகுத்த பின்னரே அந்த உபாயம் ஒழிந்தது.

அவ்விதி பொதுமக்கள் ஆடும் ஆட்டத்துக்கும் வந்தபோது இன்னோர் உண்மை வெளிப்பட்டது. தாக்கும் பணியை விரும்பியவர்கள் நெடுநேரம் வரிசையிலே காத்திருக்க நேர்ந்தது. தாங்கும் பணியையும் ஆற்றும் பணியையும் ஏற்றவர்களுக்கோ உடனுக்குடன் இடம் கிடைத்தது. சுடுவதற்கு ஆயிரம் பேர். மருந்து கட்ட ஆளில்லை! நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு வருபவர்களுக்கும் சட்டி கழுவ நிற்பவர்களுக்கும் உள்ள கணக்கு இதுவே அல்லவா?

மேலும் ஓர் ஆட்சேபம். பணிகள் பெருகப் பெருக ஒருவர் பல்துறையிலும் வளரும் வாய்ப்புக் குறைகின்றது என்பார்கள். இதற்குக் கிரிக்கெட்டிலே அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் 2023ஆம் ஆண்டு முதல், ஆட்டத்தின் நடுவே ஒருவரை நீக்கிவிட்டு வேறொருவரைச் சேர்க்கும் விதி புகுந்தது. துடுப்பாட்டத்துக்கு ஒருவர், பந்துவீச்சுக்கு ஒருவர் என்று அணிகள் பயன்படுத்தத் தொடங்கின. இதனால் சகலதுறை ஆட்டக்காரர்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது என்று 2024ஆம் ஆண்டில் ரோகித் சர்மாவே வெளிப்படையாகக் குறைப்பட்டார். தனிப்பணி கூர்மையைத் தரும். ஆனால் முழுமையை மழுக்கிவிடவும் கூடும்.

இவ்வளவும் கேட்டபின் தீர்ப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்? நாம் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணிப்பிரிவே இல்லையென்று பெருமை பேசும் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்திலும் உண்மையில் பணிகள் இல்லாமலில்லை. முதலில் பாய்ந்து வழிதிறப்பவர் ஒருவர். தொலைநோக்கித் துப்பாக்கியுடன் காத்திருப்பவர் ஒருவர். புகைக்குண்டும் ஒளிக்குண்டும் எறிந்து துணைசெய்பவர் ஒருவர். எதிரியின் பின்புறம் தனியே பதுங்கிச் செல்பவர் ஒருவர். அனைவருக்கும் ஆணையிடும் தலைவர் ஒருவர். எந்த விதியும் இவர்களை நியமிக்கவில்லை. வெல்ல வேண்டும் என்ற எண்ணமே இவர்களைப் பிரித்து வைத்தது.

ஆகவே, பணிப்பிரிவு வேண்டுமா வேண்டாமா என்பது உண்மையான வினா அன்று. ஐவர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யப் புகுந்தால் பணி தானே பிரியும். அப்பிரிவை விளையாட்டை ஆக்கியவர் முன்கூட்டியே எழுதிவைப்பதா, ஆடுவோர் தாமே கண்டுகொள்ள விடுவதா என்பதே வினா. பழகிய அணியினர் தாமே கண்டுகொள்வார்கள். ஒருவரையொருவர் அறியாத புதியவர்களுக்கோ எழுதிவைத்த பணி ஒரு வழிகாட்டி. அதனால் பணிப்பிரிவு துப்பாக்கி விளையாட்டை வளப்படுத்தவே செய்கின்றது என்பது நம் அபிப்பிராயம். ஆயினும், அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, ஆற்றல் திறமைக்குத் துணையாக வேண்டுமேயன்றித் திறமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'வலோரன்ட்' இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒவ்வொரு வீரருக்கும் தனி ஆற்றல் உண்டு. ஒருவர் புகைத்திரை எழுப்புவார், ஒருவர் ஒற்றறிவார், ஒருவர் காவல் புரிவார். ஆனால் துப்பாக்கிகள் அனைவருக்கும் பொது. புகைத்திரை எத்தனை அழகாக எழுந்தாலும் இறுதியிலே குறிதவறாமற் சுடத் தெரிந்தவரே பிழைப்பார். சமத்துவத்தின் மேல் வேற்றுமையைக் கட்டியிருப்பதால் இரு மரபின் நன்மையும் அங்கே ஓரளவு கூடியிருக்கின்றது.

இரண்டாவது, பணிகள் தெளிவாக இருத்தல் வேண்டும். டீம் ஃபோர்ட்ரஸின் இரண்டாம் பாகத்தை வரைந்தவர்கள், ஒன்பது பேரையும் அவர்களுடைய நிழலைக் கண்டே அடையாளம் சொல்லுமாறு உருவம் அமைத்தார்கள். எதிரே வருபவர் யார், அவரால் என்ன முடியும் என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். பணிகளை ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிக்கொண்டே போனால், புதிதாக ஆட வருபவன் பரீட்சைக்குப் படிப்பதுபோல் பாடமாக்க வேண்டியிருக்கும். வலோரன்டிலும் தொடக்கத்தில் பதினொருவராக இருந்தவர்கள் இன்று இருபத்தைவரைத் தாண்டிவிட்டார்கள் என்பதை இங்கே நினைவூட்டுகின்றோம்.

மூன்றாவது நிபந்தனையே எல்லாவற்றிலும் தலையாயது. ஆற்றல் விலைக்கு விற்கப்படலாகாது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கையிலே உள்ளவை விலையுயர்ந்த கணினிகள் அல்ல, கைத்தொலைபேசிகளே. அவற்றிலே பெரிதும் ஆடப்படுவன 'பப்ஜி', 'ஃப்ரீ ஃபயர்' என்பன. 2018ஆம் ஆண்டில் கைத்தொலைபேசிக்கு வந்த பப்ஜியில் அனைவரும் வெறுங்கையோடு களத்தில் இறங்குகின்றார்கள். கிடைத்ததை எடுத்து ஆடுகின்றார்கள். 2017ஆம் ஆண்டில் வந்த ஃப்ரீ ஃபயரிலோ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி ஆற்றல் உண்டு. பிரேசில் நாட்டு இசைஞர் ஒருவரின் பெயரால் 2019இல் வந்த 'அலோக்' என்னும் பாத்திரம், தன்னைச் சூழ்ந்துள்ள தோழரின் காயத்தை ஆற்றும். 2020இன் இறுதியில் வந்த 'குரோனோ' எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் கவசத்தை எழுப்பும். அது மிஞ்சிவிட்டது என்று கண்டு அடுத்த ஆண்டிலேயே அதன் வலுவைக் குறைத்தார்கள்.

இவ்விளையாட்டிலே 'தங்கம்', 'வைரம்' என்று இருவகை நாணயங்கள் உள. தங்கத்தை ஆடிச் சேர்க்கலாம். வைரத்தையோ பெரும்பாலும் மெய்யான பணம் கொடுத்தே வாங்க வேண்டும். பெயர்பெற்ற பாத்திரங்கள் சிலவற்றை வைரத்தால் வாங்க வேண்டியிருந்த காலம் உண்டு. அப்படியானால், குறிவைக்கப் பழகிய ஏழைப் பிள்ளையும் வைரம் வாங்கிய பணக்காரப் பிள்ளையும் எதிரெதிரே நிற்கும்போது நடைபெறுவது போட்டியா? பணிப்பிரிவு அங்கே பணப்பிரிவாகி விடுகின்றது. வாப்பாவின் பணப்பையைத் திறந்து பார்க்கும் எண்ணம் பிள்ளைக்கு எழுவதும் இந்த இடத்திலேதான் என்பதைப் பெற்றார் அறிந்திருத்தல் வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைப் பட்டுத்தான் படித்திருக்கின்றன. 2022 ஒக்டோபரில் ஓவர்வாட்ச் விளையாட்டின் இரண்டாம் பாகம் இலவசமாக வெளிவந்தபோது, புதிதாகச் சேர்ந்த வீரரைக் காசு கொடுத்துப் பருவச் சீட்டு வாங்கியவர்கள் உடனே பெற்றார்கள்; மற்றவர்கள் பல படிகளை ஆடிக் கடந்த பின்னரே பெற்றார்கள். பெருங்குறை எழுந்தது. 2024 ஏப்ரலில் அம்முறையைக் கைவிட்டு, வீரர் அனைவரையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். சட்டைக்கும் தொப்பிக்கும் விலை வைக்கலாம்; ஆற்றலுக்கு விலை வைக்கலாகாது என்பதே இதிலிருந்து பெறப்படும் நீதி.

ஆகையினால், கழகங்களிலோ நண்பர் குழுக்களிலோ போட்டி நடத்தும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். ஃப்ரீ ஃபயரில் தனியறை அமைத்து ஆடும்போது, பாத்திரங்களின் ஆற்றலை அனைவருக்கும் நிறுத்திவிட வழியுண்டு. போட்டியில் சேரும் எல்லாரிடமும் ஒரே பாத்திரங்கள் இருக்குமாயின் ஆற்றலைத் திறந்துவையுங்கள். ஒருவரிடமேனும் இல்லையாயின் எல்லாருக்கும் மூடிவிடுங்கள். பரிசு எவ்வளவு சிறிதாயினும் இவ்விதியை ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் அறியச் சொல்லிவிடுங்கள். தோற்றவன் "என் கை தோற்றது" என்று சொல்லிச் செல்ல வேண்டும். "என் வாப்பாவின் கை தோற்றது" என்று எண்ணிச் செல்லலாகாது.

இன்னொன்று வீட்டாருக்கு. தமையனும் தம்பியும் பேசிக்கொள்ளும் இத்தகைய பேச்சை எந்த வீட்டிலும் கேட்கலாம்:

"எத்தின பேரச் சுட்ட, தம்பி?"

"ஒருத்தனையும் சுடல்ல, காக்கா. நம்மட ஆக்கள் மூணு பேர எழுப்பி விட்டன்."

"அப்ப நீ என்னத்துக்கு விளையாடின?"

இந்தக் கடைசிக் கேள்வியிலேதான் பிழை இருக்கின்றது. வீழ்ந்த மூவரை எழுப்பிவிட்டவன் சும்மா இருந்தவன் அல்லன். அவன் எழுப்பிய மூவரும் சுட்ட கணக்கிலே அவனுக்கும் பங்குண்டு. ஆனால், ஆட்டம் முடிந்ததும் திரையிலே பெரிய எழுத்தில் தெரிவது சுட்டவரின் எண்ணிக்கையே. தோழர்களும் அதனையே கேட்கின்றார்கள். ஆற்றும் பணிக்கு ஆள் கிடைக்காமற் போவதற்குக் காரணம் பணியின் குறையன்று, பாராட்டின் குறையே. 'எத்தனை பேரைச் சுட்டாய்?' என்பதை விட்டு, 'இன்று உன் பணி என்ன? அதனைச் சரிவரச் செய்தாயா?' என்று கேட்கப் பழகுவோமானால், பிள்ளையின் நோக்கமும் மெல்ல மெல்ல மாறும்.

நெல்வயல் சூழ்ந்த ஊரிலே வாழும் நமக்கு இது புரியாத காரியமன்று. வட்டை விதானையார் ஏர் பிடிப்பதில்லை, நாற்று நடுவதில்லை, அரிவாளும் எடுப்பதில்லை. எந்த வாய்க்காலில் எப்பொழுது நீர் விடுவது என்பதைப் பார்ப்பதே அவர் வேலை. அறுவடை நாளில் மூட்டைகளை எண்ணும்போது அவர் பெயர் எந்த மூட்டையிலும் எழுதியிராது. ஆயினும், அவர் தம் பணியை மறந்த போகத்தில் கடைக்கோடி வயல் காய்ந்துவிடும் என்பதை விவசாயி ஒவ்வொருவரும் அறிவர்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அணி சேரும்போது எல்லாரும் விரும்பும் பணியையே நீங்களும் விரும்பி அடம்பிடிக்காதீர்கள். அணிக்கு எது குறைகின்றது என்று முதலிற் பாருங்கள். அதனை ஒருநாளேனும் ஏற்று ஆடிப் பாருங்கள். நன்றாகக் குறிவைப்பவனைக் களம் அன்று மட்டும் நினைவில் வைத்திருக்கும். வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நின்றவனைத் தோழர்கள் அடுத்த ஆட்டத்துக்கும் தேடி வந்து அழைப்பார்கள்.